எட்டுத் தட்டு வெயில்

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. கிழங்கு மாவைக் காய வைத்த ஒரு பெண்ணின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், கேட்டு முடித்தால் நெஞ்சு குளிரும்.

கல்வராயன் மலையில் சின்னக்கண்ணு மகள் அம்சவள்ளி. பிளஸ் ஒன் முடித்த கோடையில், கள்ளக்குறிச்சிக் கல்லூரி ஒன்றில் ஆறு வார ஆராய்ச்சிக்கு அவளை எடுத்திருந்தார்கள். மரவள்ளி மாவோடு கிளிசரின் கலந்து காய்ச்சி, கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஓவனில் இளஞ்சூட்டில் ஒரு நாள் வைத்தால் மெல்லிய தாள் வரும். பிளாஸ்டிக் பைக்கு மாற்று அது. சமவெளிக் கிழங்கு, அவளைப் போலவே அங்கே வந்திருந்த வீரமுத்துவின் பங்கு. அவள் அப்பாவின் காட்டில் விளைந்த மலைக்கிழங்கு அவள் பங்கு. எந்தக் கிழங்கு ஆகும் என்று அறிக்கை சொல்கிறதோ, அதைத்தான் வாங்குவதாகப் பை தயாரிக்கிற ஒருவர் சொல்லியிருந்தார்.

வீரமுத்துவின் தாள் வளைந்தது. இவளுடையது எட்டுத் தட்டிலும் நொறுங்கியது.

"இன்னா அம்சா, அப்பளம் சுட்டுக்கினு இருக்கியா? ரசம் நான் கொண்டாறட்டா?" என்றான் அவன்.

ஆராய்ச்சியை நடத்திய கொளஞ்சி மேடம் சிரிக்கவில்லை. "மலைக்கெழங்கு சரிப்படல. வெள்ளிக்கிழம அப்டியே எழுதிடலாம்" என்றார்.

அந்தப் புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை அம்சவள்ளி ஓவனைத் திறந்தாள். ஒன்பதாவது தட்டின் தாள் வாழைக்குருத்து போல உரிந்து வந்தது. காரணம் அவளுக்கு விளங்கிவிட்டது. மற்ற எட்டையும் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மொட்டைமாடி வெயிலுக்குத் தூக்கிப் போனவள் அவள்தான். நேற்று மழையால் போக முடியவில்லை.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் நோட்டில் எட்டுத் தோல்வி இருக்க, ஒன்றை யார் நம்புவார்கள்? அப்பாவின் கிழங்கல்லவா கெட்ட பெயர் சுமக்கும்?

மேடத்திடம் போய் நின்று சொன்னாள்.

"எட்டு வாட்டியும் மாடிக்கா?"

"ஆமாங்க மேடம். சீசனுக்கு அம்மாகூட ஜவ்வரிசிக் களத்துக்குப் போவேங்க. நல்ல வெயிலு காணாத மாவ மேஸ்திரி திருப்பிடுவாருங்க. ஓவன் சூடு கம்மின்னு நெனச்சேங்க."

மேடம் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "கேட்டுட்டு செஞ்சிருக்கணும் நீ. ஆனா எட்டும் வீண் இல்ல. பையத் தூக்கிக்கினு ஜனங்க வெயில்லதான போவாங்க? வெயில் பட்டா இன்னா ஆவும்னு எழுது. ஒம் பேர்லயே எழுது" என்றார்.

அன்றே புதிதாக மூன்று தட்டு ஊற்றினார்கள். வீரமுத்து மாடிக் கதவில் சாய்ந்து நின்றான். "இன்னிக்கு நான் காவலு" என்றான்.

வெள்ளிக்கிழமை, தாளின் உறுதியை இழுத்துப் பார்க்கும் இயந்திரத்தில் மலைத்தாள் சமவெளித்தாள் நீண்ட அளவுக்கு நீண்டுதான் அறுந்தது. 'மலைக்கிழங்கும் ஆகும், காயும்போது வெயில் ஆகாது' என்று அறிக்கையில் ஏறியது.

மலை பஸ்ஸில் ஒரு துண்டுத்தாளை மடியில் வைத்துக்கொண்டு போனாள் அம்சவள்ளி. சின்னக்கண்ணு அதை இழுத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"நம்ம கெழங்கா இது?"

"நம்ம கெழங்குதாம்பா. அந்த மேடம் என்னத் திட்டாம கேட்டாங்க, அதனால தப்பிச்சிச்சி."

அவர் கள்ளக்குறிச்சி இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டார்.

செய்த தப்பைச் சொல்லும் வாயும், அதைப் பொறுமையாய்க் கேட்கும் காதும் உங்கள் வீட்டில் என்றும் இருக்கட்டும், கண்ணுங்களா. உங்கள் அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டே இருக்கட்டும்.