பெயர் இருந்த இடமும் ஊர் இருந்த இடமும்

எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, ஆனால் அதை இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஜெராக்ஸ் அக்கா கடை எங்கே என்று கேட்டால் பஜாரில் எவரும் கை காட்டுவார்கள். நகல் எடுப்பதில் டீச்செலவுதான் தேறும். சோறு போடுவது உள்ளறையில் இருக்கும் பெரிய இயந்திரம். ஆள் உயரத் தாள் உருளையை மாட்டி அதில் வீட்டு வரைபடங்களை அச்சடிக்கிறேன். எஞ்சினியர்கள் பென்சிலில் கிறுக்கிக்கொண்டு வருவதைக் கணினியில் ஏற்றி, அறைக்கு அறை பெயர் போட்டு, பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது நான்தான். எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமை வேண்டியவர்கள் எதிர்க்கடைக்குப் போகலாம், அங்கே இயந்திரம் பாதி நாள் ஓடாது, நிறையவே பொறுமையாக இருக்கலாம்.

நான் பிறந்தது மலைமேல் இருக்கும் குடியிருப்பில். முப்பது வீடு இருக்கும். கல்யாணமாகி நான் கீழே வந்துவிட்டேன், தம்பி அங்கேயே காய்கறி போட்டுக்கொண்டு இருந்துவிட்டான். மேலேயிருந்து பஜாருக்கு ஒரு நடைபாதை உண்டு. நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். பழைய முதலாளி காலத்தில் அது ஒரு விஷயமே இல்லை. போன வருஷம் தோட்டத்தை வாங்கிய புது முதலாளி, சுற்றுலா விடுதி கட்டப்போகிறேன் என்று பாதையின் குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்.

கேட் பூட்டியதும் மலைக்காரர்கள் ஜீப்பில் மலையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. போகவே அரை நாள். தம்பியின் பீன்ஸ் சந்தைக்கு வந்து சேர்வதற்குள் வாடிப்போனது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வாரக்கணக்கில் மட்டம் போட்டார்கள். ஒவ்வொரு குடும்பமாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. ஒருநாள் தம்பியும் போன் பண்ணி, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் உன் தெருவில் ஒரு வாடகை வீடு பார் என்றான். பின்னால் அவன் பொண்டாட்டி பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. அவள் அழுதால் பாத்திரம்தான் பேசும்.

நான் வீடும் பார்த்தேன், கூடவே நில அதிகாரியிடம் மனுவும் கொடுத்தேன். அதிகாரி ஒரு அம்மாள். சிரிக்கவும் மாட்டார், கத்தவும் மாட்டார். தோட்டம் வருவதற்கு முன்பே ஊர்ப்பாதையாக இருந்தது என்று காட்டிவிட்டால் அதை அடைக்க எவராலும் முடியாது, காட்டாவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். முதலாளி சார்பில் பதில் வந்தது. அந்தப் பாதை தோட்டத்துக்காரர்கள் வேலையாட்களுக்காக வெட்டியதாம். மேலே இருப்பவர்கள் தோட்ட வேலைக்குக் கூட்டி வரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளாம். அதற்கு முன்னால் அங்கே ஊரே கிடையாதாம். பாதையைப் பிடுங்கியது போதாதென்று எங்கள் தாத்தாவுக்கு முந்தியவர்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள் எல்லாருமே என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் நடை வாத்தியார் வந்தார். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவர். லீவு விட்டால் பழைய மலை வரைபடம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு காடு மேடெல்லாம் நடப்பார், அழிந்துபோன ஊர், விழுந்த பாலம் என்று எதையாவது தேடுவார். வரைபடங்களைப் பெரிதாக்க என்னிடம்தான் வருவார். அன்றைக்குக் கொண்டுவந்தது எங்கள் மலையேதான். தோட்டம் வருவதற்கு ரொம்ப முந்தி அளந்து வரைந்தது. மலைச்சரிவு முழுக்கப் பழுப்புக் கோடுகள், ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்த்துப் போட்டவை. கோடு விலகியிருந்தால் சமதரை, நெருங்கியிருந்தால் செங்குத்து என்று அவர் எனக்குப் பலமுறை பாடம் எடுத்திருக்கிறார். ஓடை ஓரமாக ஒரு புள்ளிக்கோடு மேலே ஏறியது. அது நடைபாதையின் குறி. ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரின் பெயர் பளிச்சென்று அச்சாகியிருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டம் இல்லாத காலத்து வரைபடத்தில் ஊர்ப் பெயர். உடனே ஒரு நகல் எடுத்து அதிகாரியின் ஆபீஸில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன். அவசரக் குடுக்கை என்று என் வீட்டுக்காரர் சொல்வதில் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் வாத்தியாரும் பெயர் இருந்த இடத்துக்கு நடந்தோம். அது தோட்டத்துக்கு வெளியே, ஓடைக்கு அப்பால், அதனால் எங்களைத் தடுக்க ஆளில்லை. நல்ல சமதரை. ஆனால் முழங்கால் வரை சேறு. ஒரு சுவர் இல்லை, ஒரு செங்கல் இல்லை, அட்டைப்பூச்சிகள் மட்டும் எங்களை வரவேற்றன. வாத்தியார் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியான இடம்தான், சரியான இடம்தான் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பாவம், மனிதர் வரைபடத்தை நனையாமல் மடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

தோட்டத்து வக்கீல் சும்மா இருப்பாரா? நான் கொடுத்த நகலை வைத்தே எங்கள் கழுத்தை அறுத்தார். ஊர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது, பாதையும் அந்த ஊருக்குப் போனது, அந்த ஊர் அழிந்தது, இப்போது இருப்பவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆப்புக்கு மரம் கொடுத்தது நான். விசாரணைக்கு அடுத்த வாரம் தேதி போட்டார்கள். வாடகை வீட்டுக்காரரிடம் போய், ஒன்றாம் தேதி வருவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் கடையில் ஒரு சின்ன வீட்டின் வரைபடத்துக்குப் பெயர் போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் கூடம் என்று எழுதியாயிற்று, சமையலறையில் சமையலறை என்று எழுதியாயிற்று. குளியலறை மட்டும் தீப்பெட்டி மாதிரி இருந்தது. உள்ளே எழுதினால் சுவர்க்கோட்டின் மேல் எழுத்து ஏறி ஒன்றும் படிக்க முடியாது. வழக்கம்போல வெளியே காலியாக இருந்த இடத்தில் எழுதினேன். எழுதிவிட்டு அப்படியே கையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வரைபடம் போட்டவனும் என்னைப் போல ஒரு ஆள்தானே. செங்குத்தான சரிவில் பழுப்புக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அதன் மேல் பெயரை எழுதினால் கோடும் தெரியாது, பெயரும் தெரியாது. பக்கத்தில் எங்கே காலி இடம் கிடைக்கும்? ஓடைக்கு அந்தப் பக்கம், சமதரையில், கோடே இல்லாத சேற்றில்.

வாத்தியாரைப் பள்ளிக்கூடத்திலிருந்து வரவழைத்தேன். உள்ளறையில் அந்த வரைபடத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கியதை மறுபடி பெரிதாக்கியதில் தாள் மேஜையைத் தாண்டித் தரைக்கு வந்தது. இரண்டு பேரும் முட்டி போட்டு, லென்ஸை வைத்துப் பார்த்தோம். பழுப்புக் கோடுகளின் அடர்த்திக்குள் கடுகு கடுகாகக் கறுப்புக் கட்டங்கள். வீடுகள். புள்ளிக்கோடு அவற்றின் நடுவில் போய்த்தான் மறைந்தது. இப்போதைய குடியிருப்புக்குச் சற்றுக் கீழே, தோட்டத்து எல்லைக்குள். தோட்டம் போட்டபோது எங்கள் ஆட்கள் மேலே நகர்ந்திருக்க வேண்டும். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதற்கு இத்தனை நேரம் துடைக்கிறீர்கள் என்று கேட்டேன். எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

விசாரணை அன்றைக்கு அதிகாரியின் அறையில் நிற்க இடமில்லை. தம்பியும் அவன் பொண்டாட்டியும் விடியுமுன் ஜீப் பிடித்து வந்திருந்தார்கள். வக்கீல் எழுந்து, ஊர்ப் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஊர் இருக்கும், இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று விரலால் தட்டினார். மேஜையில், அனுமதிக்காக முதலாளி கொடுத்திருந்த விடுதி வரைபடமும் விரிந்து கிடந்தது. அச்சடித்தது எந்தக் கடை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அம்மா, இதுல குளியலறைன்னு எங்க எழுதியிருக்குன்னு பாருங்க," என்றேன்.

அதிகாரி பார்த்தார். கார் நிறுத்தும் இடத்தில் எழுதியிருந்தது.

"அப்போ விடுதிக்கு வர்றவங்க எல்லாம் கார் பக்கத்துல நின்னுதான் குளிக்கணுமா? எடம் இல்லைன்னா எழுத்து வெளிய போகும். குளியலறை வெளிய போகாது."

பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு அறையே சிரித்தது. வக்கீலுக்கு முகம் சிவந்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. பேச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் பேச்சை வைத்துப் பூட்டை உடைக்க முடியாது, வெள்ளிக்கிழமை நானே வருகிறேன், தரையில் காட்டுங்கள் என்றார்.

கட்டங்கள் தெரிந்த சரிவு தோட்டத்துக்குள் இருந்தது, முன்கூட்டிப் போய்ப் பார்க்க எங்களை விடமாட்டார்கள். லென்ஸில் பார்த்த கடுகை நம்பித்தான் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஒருவேளை அவை வெறும் மைப்பொட்டாக இருந்தால்?

வெள்ளிக்கிழமை கேட்டைத் திறந்துவிட்டு மேனேஜர் கூடவே வந்தார். முதலாளியும் வக்கீலும் வந்தார்கள். மேலேயிருந்து எங்கள் குடியிருப்பே இறங்கி வந்திருந்தது. வாத்தியார் ஓடைகள் இரண்டு சேருமிடத்தில் நின்று திசையைப் பிடித்துக்கொண்டு ஏறினார், அவர் பின்னால் நாங்கள் ஏறினோம். ஓரிடத்தில் நின்றார். சுற்றிலும் தோட்டக்காரர்கள் நட்டுக் கைவிட்ட தேயிலை, காட்டுச்செடியோடு பின்னிக்கொண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. நாங்கள் நடந்த பாதைகூட இந்தப் புதரைச் சுற்றிக்கொண்டுதான் போகும். வேறு ஒன்றும் இல்லை.

"இங்கதான்," என்றார். குரலில் தெம்பில்லை.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி புன்னகை செய்தார். அப்போது தம்பி பொண்டாட்டி இடுப்பில் செருகியிருந்த அரிவாளை எடுத்தாள். யாரையும் கேட்காமல் செடிக்குள் இறங்கி வெட்ட ஆரம்பித்தாள். அதிகாரி தடுக்கவில்லை என்பதைப் பார்த்ததும் தம்பி இறங்கினான், பிறகு மற்றவர்கள் இறங்கினார்கள். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

முதலில் அவள் அரிவாள்தான் கல்லில் பட்டது. அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டாள். வேரை இழுத்தோம், மண்ணை வழித்தோம். அடுக்கிக் கட்டிய சுவரின் அடிவரிசை. அது மூலை திரும்பியது. அடுத்த ஆள் பத்தடி தள்ளி இன்னொரு சுவரைக் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் ஆளுக்கொரு பக்கம் இங்கேயும் இருக்கு, இங்கேயும் இருக்கு என்று குரல் வந்துகொண்டே இருந்தது. வாசற்படிகள் கிடைத்தன. ஒரு பாறையில் உரல் குடைந்திருந்தது, குழி வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. வீடுகளுக்கு நடுவில் மண்ணுக்கடியில் கல் பாவிய பாதை. ஆட்கள் அதை நூல்பிடித்துக்கொண்டு போவதுபோல் கீழ்நோக்கி வெட்டிக்கொண்டே போனார்கள். அது நேராகக் கேட்டுக்குப் போய் நின்றது.

வக்கீல், இது தோட்ட வேலையாட்களின் குடிசையாகவும் இருக்கலாமே என்று மெல்ல இழுத்தார்.

அதிகாரி உரல் பக்கத்தில் குனிந்து, குழிக்குள் கையை விட்டுத் தடவினார். வாத்தியாரிடமிருந்து பெரிதாக்கிய தாளை வாங்கினார். கட்டங்களை ஒவ்வொன்றாகச் சுவர்களோடு ஒத்துப் பார்த்தார். அவசரமே படவில்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"இந்த வரைபடம் போட்டப்போ உங்க தோட்டத்துல ஒரு செடிகூட இல்லை," என்றார் முதலாளியிடம். "வீடு இருந்திருக்கு. பாதை இருந்திருக்கு. இது ஊர்ப்பாதை. கேட்டை எடுங்க."

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, நாளைக்கு ஆளை விட்டு எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"நாளைக்கு எதுக்குங்க? இன்னைக்கு நாங்க எல்லாரும் இங்கதானே இருக்கோம்," என்றாள் தம்பி பொண்டாட்டி.

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். கடப்பாரை எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. கேட்டைக் கீலோடு தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்தோம். வாத்தியார் ஒரு பக்கம் பிடித்தார், கணக்கு எடுக்கிற கை அன்றைக்குக் கொப்பளித்துப்போனது.

அப்புறம் ஊரே அந்த வழியாகக் கீழே நடந்தது. பஜாரில் யாருக்கும் ஒரு வேலையும் கிடையாது. எவரும் எதுவும் வாங்கவில்லை, விற்கவில்லை. சும்மா வந்தார்கள், சத்தமாகப் பேசிக்கொண்டு தெருவை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கத்திச் சிரித்தேன், வெட்கப்படவே இல்லை. அன்றைக்கு என்னிடம் எவரும் திட்டு வாங்கவில்லை.

தம்பி பொண்டாட்டி மட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, வழி விசாரித்துக்கொண்டு, என் தெருவில் நான் பேசி வைத்திருந்த வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். அவள் கையில் அரிவாள் இன்னும் இருந்ததால் கொஞ்சம் பின்வாங்கினார்.

"வேற யாருக்காவது குடுத்துருங்க. எங்களுக்கு ஊர் இருக்கு," என்றாள்.