விளக்குக்காரனுக்கு நாலு

கல்முனைக் கடைத்தெருவில் அன்று காலையிலிருந்தே வெடிச்சத்தம். யுத்தம் முடிந்துவிட்டதாம். பக்கத்துக் கடைக்காரர்கள் கொடி கட்டினார்கள், நமக்கேன் வம்பு என்று பஸாலும் தன் ஃபேன்சிக் கடை வாசலில் ஒன்றைக் கட்டினான். கட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவுடன், அந்தக் கொடியைக் கையால் விலக்கிக்கொண்டு சுதன் வந்து நின்றான். நாலரை வருஷத்துக்குப் பிறகு. தலை பாதி நரைத்துப்போயிருந்தது. பஸாலின் கண் முதலில் போனது மேசைக்குக் கீழே இருந்த இழுப்பு லாச்சிக்குத்தான்.

"என்ன மச்சான், பேயைக் கண்ட மாதிரிப் பாக்காய்?" என்றான் சுதன்.

"இல்லடா... இரி. டீ சொல்றன்."

டீ சொல்லக்கூட அவன் எழும்பவில்லை. லாச்சிக்குள் பஞ்சில் சுற்றி ஒரு பொம்மை கிடந்தது. விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் பொம்மை. நாலரை வருஷமாக மனுஷனைத் தின்றுகொண்டிருந்தது அதுதான்.

அந்த விளையாட்டை ஊருக்குக் கொண்டுவந்ததே பஸால். சமாதானம், சமாதானம் என்று எல்லாரும் சொல்லித்திரிந்த காலம். கட்டாரில் இருந்த அவனுடைய நானா, கூடப்பிறந்த மூத்தவர், மூடின பெட்டிகளில் பொம்மைகள் அனுப்பினார். வாள்காரன், வில்காரி, பறவைத்தலையன் என்று பெட்டிக்கு நாலு, எது வரும் என்று உடைத்தால்தான் தெரியும். ஒவ்வொன்றின் காலடியிலும் அதன் பலம் ஓர் எண்ணாக அச்சடித்திருக்கும். தாயக்கட்டையை உருட்டி, விழுந்ததோடு அந்த எண்ணைக் கூட்ட வேண்டும். கூடினவன் வென்றான். எத்தனை அங்குலம் நகரலாம் என்று விதித்தாளில் இருந்ததை இவர்கள் விரல் கணக்காக்கிக்கொண்டார்கள். சுதனுக்கோ தடித்த விரல். "உன்ட நாலு விரல் எங்களுக்கு ஆறு விரலடா, கள்ளா!" என்று ஒவ்வொரு ஞாயிறும் பஸால் சண்டை பிடிப்பான். காலை எட்டு மணிக்குக் கடைக் கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு, கடைத்தெருப் பொடியன்களும் சேர்ந்து கண்ணாடி மேசையின் மேல் ஆட்டம். கரண்ட் மீட்டர் வாசிக்கிற வேலைக்கு அன்று லீவு என்பதால் சுதன் கடலோரப் பாண்டிருப்பிலிருந்து சைக்கிள் மிதித்து வருவான். பின்கரியரில் அவனுடைய தம்பி சுஜிந்தன் இருப்பான். தாய் தகப்பன் இல்லாத இரண்டு பேர், ஒருத்தனை விட்டு ஒருத்தன் சாப்பிடவும் மாட்டார்கள்.

சுஜிந்தன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். ஆடுவதில் அவனுக்கு அக்கறை இல்லை. அண்ணனின் பொம்மைகளுக்குத் திரும்ப நிறம் பூசுவதுதான் அவன் பைத்தியம். கையில் விளக்கேந்திய கிழவன் ஒருத்தன், நீள அங்கி போட்டவன், சுதனுக்கு விழுந்திருந்தான். மெல்லிய தூரிகையால் அந்த அங்கியைச் சுஜிந்தன் இடுப்பில் கட்டுகிற கட்டம்போட்ட சாரனாக மாற்றிவிட்டான். விளக்கில் ஒரு பொட்டு மஞ்சள். "பாருங்க பஸால் நானா, ஆள் இப்ப நம்மட ஊர்க்காரன்" என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். விளக்குக்காரனுக்குப் பலம் ஒன்பது. அவனை வைத்துத்தான் சுதன் வென்றுகொண்டிருந்தான்.

வந்த வினை என்னவென்றால், கொம்பனிக்காரன் நேர்மையானவன். புதுப் பெட்டியில் வருகிறவனுக்கும் பழையவனுக்கும் பலத்தில் பெரிய வித்தியாசம் வைக்கமாட்டான். பழசே போதும் என்றால் எந்த மடையன் புதுசு வாங்குவான்? மூன்றாவது தடவை வந்த பெட்டிகள் தூசி பிடித்துக் கிடந்தன. ஒரு மத்தியானம் பஸால் விலை ஒட்டுகிற வெள்ளை ஸ்டிக்கரைச் சின்னதாக வெட்டினான். புதிதாக வந்த இரும்பன் என்ற பொம்மைக்குப் பதினாலு என்று எழுதி ஒட்டினான். அடுத்த ஞாயிறு எல்லாருடைய பழைய பொம்மைகளையும் வாங்கி, அவற்றின் காலடியிலும் ஒட்டினான். விளக்குக்காரனுக்கு நாலு. "கொம்பனி எண்களை மாத்திட்டானாம். நானா கோல் எடுத்துச் சொன்னார்" என்றான். ஒருத்தரும் மறுபேச்சுப் பேசவில்லை. பஸால் சொன்னால் பஸால் சொன்னதுதான். பெட்டிகள் பறந்தன. ஆட்டம் மட்டும் அன்றோடு செத்தது. எவன் கடைசியாகப் பெட்டி வாங்கினானோ அவன் வென்றான், என்ன உருட்டியும் பிரயோசனமில்லை. மூன்று ஞாயிறு தோற்று முகம் கறுத்துப்போன சுதனிடம் பஸாலே வாய்விட்டுச் சொன்னான். "பழசு ரெண்டு தந்தா இரும்பன் ஒண்டு தாறன்." சுதன் தம்பியிடம் கேட்காமல் விளக்குக்காரனையும் இன்னொன்றையும் எடுத்துக்கொடுத்தான்.

அது ஒரு சனிக்கிழமை. மறுநாள் சுதன் தனியே வந்தான், சட்டைப் பையில் இரும்பன்.

"தம்பி எங்க?"

"கோவிச்சுக்கிட்டுப் படுத்திரிக்கான். விளக்குக்காரனைக் குடுத்திட்டனாம். சோறும் தின்னல்ல, கதையும் இல்ல."

பஸால் சிரித்தான். சிரித்தது நல்ல ஞாபகம். தாயக்கட்டையை இரண்டாம் தரம் உருட்டும்போது தெருவில், "கடல் வருகுது, ஓடுங்க" என்று கத்திக்கொண்டு சனம் மேற்கே ஓடியது. பிரதான வீதிக்கு இப்பால் இருந்த கடைக்குத் தண்ணீர் வரவில்லை. பாண்டிருப்பில் சுதனின் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்கூட மிஞ்சவில்லை. சுஜிந்தனை மூன்றாம் நாள் எடுத்தார்கள்.

பிறகு அகதி முகாம், பிறகு திருகோணமலைக்கு வேலை மாற்றம் என்று சுதன் போய்விட்டான். பொம்மையை அனுப்பியிருக்கலாம். வீதியெல்லாம் சோதனைச்சாவடி, ஆட்களைக் கடத்துகிறார்கள், இந்த நேரத்தில் எப்படிப் போவது என்று பஸால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காரணம் உண்மைதான். ஆனால் தபால் போய்க்கொண்டுதானே இருந்தது! "அது அமானிதம், அடுத்தவங்கட பொருள். குடுத்திடுங்களன்" என்று மனைவி நுஸ்ஹா எத்தனை தரம் சொல்லியிருப்பாள். தொழுகையில் கையைக் கட்டினால் ஸ்டிக்கர்தான் கண்ணுக்குள் வரும்.

சுதன் சட்டைப் பையிலிருந்து இரும்பனை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தான்.

"இத வெச்சுக்கொண்டு விளக்குக்காரனைத் தா. வித்திட்டியா?"

"விக்கல்ல."

"உண்மையா?" சுதன் மேசைமேல் குனிந்தான். "அவன்ட கைபட்ட சாமான் ஒண்டும் இல்ல மச்சான். எழுதின பெயர்ப்பலகையிலயெல்லாம் மேல வேற எழுதிட்டாங்க. ஒரு போட்டோகூட இல்ல. நான்தானே அவனைச் சாகடிச்சன். கோவம் இல்லாட்டி என்னோட வந்திருப்பான். பலம் குறைஞ்சிட்டு எண்டு ஒரு பொம்மையைக் குடுத்து, என்ட தம்பியை..."

பஸால் லாச்சியைத் திறந்தான். பஞ்சுக்குள் கை விட்டதும் நகம் ஸ்டிக்கரின் ஓரத்தில் பட்டது. ஒன்றும் சொல்லாமல் இதைக் கையில் கொடுத்தால் போதும். சுதன் அழுவான், கட்டிப்பிடிப்பான், டீ குடித்துவிட்டுப் போவான். அந்தப் பாரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் போவான், சாகும்வரை. யா அல்லாஹ், எவ்வளவு லேசான வழி! அந்த லேசுதான் பஸாலைக் குலுக்கிப்போட்டது.

"சுதன்," என்றான். "கொம்பனி ஒண்டும் மாத்தல்ல. நான்தான் ஒட்டினன். பெட்டி விக்கிறதுக்கு. உன்ட பொம்மைக்குப் பலம் குறையவே இல்லடா."

சுதன் பொம்மையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். கட்டம்போட்ட சாரனைக் கட்டைவிரலால் தடவினான். மெதுவாகக் கவிழ்த்துக் காலடி ஸ்டிக்கரைச் சுரண்டினான். பழைய பசை, லேசில் வரவில்லை. கீழே ஒன்பது. பிறகு இரும்பனையும் எடுத்துக் கவிழ்த்துச் சுரண்டினான். அதிலும் ஒன்பதுதான்.

பஸால் அடிக்குக் காத்திருந்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பெட்டியெல்லாம் வித்து முடிஞ்சுதா?" என்று மட்டும் சுதன் கேட்டான்.

"ஓம்."

சுதன் விளக்குக்காரனைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையைப் பொத்திக்கொண்டு இறங்கினான். வாசலில் கொடி முகத்தில் தட்டியது, விலக்காமல் குனிந்து போனான். பின்னாலே ஓடிக் கூப்பிட வேண்டும் என்று பஸாலுக்குத் தோன்றியது. எழும்பினான், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

சந்தியில் நீளச் சரவெடி ஒன்றைக் கொளுத்தினார்கள். கண்ணாடி மேசை அதிர அதிர, சுரண்டின ஸ்டிக்கர் துண்டுகளுக்கு நடுவில் நின்ற இரும்பன் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்ந்தான். நாலு விரல் தூரம் இருந்தது, பிறகு மூன்று, பிறகு இரண்டு. பஸால் கையை நீட்டவில்லை.