நடு வரிசையில் பாதி இருக்கை

1

இந்தக் கதை எனக்கு வரிசையில் நிற்கும்போது கிடைத்தது. 'கிடைத்தது' என்பது கௌரவத்துக்காகச் சொல்வது. முன்னால் நின்றவர்கள் பேசியதை ஒட்டுக்கேட்டேன். டோங்கா தீவுகளின் தலைநகர் நுகுஅலோபாவுக்கு நான் குடிவந்து இருபத்திரண்டு வருஷம். எந்த வீட்டுப் பன்றி எந்த வீட்டுக் கிழங்கைத் தோண்டியது என்பது வரைக்கும் என்னிடம் தகவல் உண்டு.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

விமான நிலையத் தராசில் ஏறும்போது லோசலின் வெட்கத்தால் கூனிக் குறுகி—

வேண்டாம். லோசலினாவது, குறுகுவதாவது! வவாவு தீவுக்குப் போவது எட்டே இருக்கை கொண்ட விமானம். பெட்டியோடு ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். எங்கள் தெருக்காரி லோசலின் செருப்பை உதறினாள், கைப்பையை என்னிடம் திணித்தாள், பரிசு வாங்க மேடையேறுகிறவளைப்போல ஏறி நின்றாள்.

"சத்தமாப் படிம்மா. கடைசியில நிக்கிறவனுக்கும் கேக்கணும்."

"நூத்தி நாப்பத்தாறு" என்றாள் எடை பார்க்கும் மெலியானே.

வரிசையே கைதட்டியது. "போன கிறிஸ்துமஸுக்கு நூத்தி நாப்பதுதானே அத்தை? மாமா நல்லாக் கவனிக்கிறாரு போல!"

"அவரு எங்கடா கவனிக்கிறாரு? அவரு தட்டையும் நான்தான் கவனிக்கிறேன்."

அடுத்து ஏறிய சியாலே ஐம்பத்தெட்டு கிலோ. யாரும் தட்டவில்லை. "சட்டைக்கு மட்டும் டிக்கெட் எடுத்தியாப்பா?" என்று ஒருத்தர் அனுதாபப்பட்டார்.

2

லோசலின் ஏன் போகிறாள் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பதினொரு மணிக்கு வவாவுவில் அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். இங்கே கல்யாணத்தில் அப்பாவோடு பிறந்த அத்தைதான் ராணி. சீராக வருவதில் உயர்ந்த பாய் அவளுக்கு, கேக்கின் உச்சித் தட்டு அவளுக்கு, தலைமை ஆசனமும் அவளுக்கு. அவள் போகாவிட்டால் அந்த ஆசனத்தில் தங்கை விக்கா உட்காருவாள்.

"விக்கா ஒருதரம் உக்காந்தான்னா, அப்புறம் எந்திரிக்கவே மாட்டா" என்று லோசலின் என் காதில் சொன்னாள். சிரிப்பு இல்லை. அன்றைக்கு வேறு விமானமும் இல்லை.

3

விமானிக்கு எடை சமமாக இருக்க வேண்டும். கனமானவர் நடு வரிசையில், இருப்பதிலேயே ஒல்லியானவர் பக்கத்தில். அதாவது, சியாலே.

சியாலே உடனே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"அங்க நான் உக்கார மாட்டேன்" என்றாள் லோசலின்.

மெலியானே ஆக்லாந்தில் வளர்ந்து போன மாதம்தான் ஊர் திரும்பியவள். குரலைத் தாழ்த்தி, "சங்கடப்படாதீங்கம்மா. பெல்ட்டு நீளமாவே வெச்சிருக்கோம். யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க" என்றாள்.

"பெல்ட்டைப் பத்தி யாருடி கேட்டா?"

"கைப்பிடி எறங்கலன்னா பக்கத்துல இருக்கறவர் இடத்துலயும் கொஞ்சம் உக்காந்துக்கலாம். அவரு ஒத்துக்கலன்னா, உங்களுக்கு ரெண்டு சீட்டுன்னு விதி. ஆனா எட்டும் நெறஞ்சிடுச்சு, யாராவது ஒருத்தர் எறங்கணும்."

"நான் எறங்கிக்கறேன்னு அவங்ககிட்ட சொல்லும்மா" என்றான் சியாலே, சுவரிடம்.

"நீ எறங்கினா கல்யாணப் பாட்டை ஆரு நடத்துறது, விக்கா புருஷனான்னு அவன்கிட்டக் கேளும்மா."

மெலியானே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"சண்டையா! என் பெரியம்மா மகன்டி அவன். கூடப் பொறந்த மாதிரி. அண்ணனும் தங்கச்சியும் தொடை ஒட்டி உக்காருவாங்களா? உன்னை ஆரு வளத்தா?"

(பெரியம்மா மகன் அண்ணன் என்பது நமக்கும் தெரிந்ததுதான். ஆனால் இங்கே அந்த மரியாதை ஒரு படி மேல். வளர்ந்த அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் படுப்பதில்லை, நெருங்கி அமர்வதில்லை. ஒரே விமானத்தில் போகலாம். இடையில் ஒரு வரிசையாவது இருக்க வேண்டும்.)

பாவம், மெலியானே. முந்தைய வரைவில் அவளை முட்டாளாக எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். உடம்புதான் பிரச்சினை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய ஊரில் அவள் வளர்ந்தாள்; மனம் நோகாமல் பேசவும் அதே ஊர்தான் கற்றுக்கொடுத்தது. தவறான நோய்க்கு நல்ல மருந்து.

"பத்து நிமிஷம்! மேகம் வருது!" என்று விமானி கத்தினார்.

4

இதுவரை ஒன்றை மறைத்துவிட்டேன்.

எட்டுப் பேரில் நானும் ஒருத்தி. அறுபத்தொரு கிலோ. எனக்குக் கடைசி வரிசையில் தனி இருக்கை. நான் நடுவில் போய், சியாலே என் இடத்துக்கு வந்தால் முடிந்தது விஷயம். மூன்று கிலோ வித்தியாசத்துக்கு எந்த விமானமும் கவிழாது. மரியாதை விவகாரமும் எனக்கு அத்துப்படி.

வாய் திறக்கவில்லை. லோசலின் அடுத்து என்ன சொல்வாள் என்று கேட்கும் ஆசை, அது ஒன்று. இன்னொன்றை இந்த வரைவில்தான் எழுதுகிறேன்: ஒரு மணி நேரம் என் இருக்கையில் பாதியை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. என் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன், அவள் கை என் மடியில் விழுந்துவிடுமே என்று—

சரி, முடிவு. சந்தையில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். சியாலே இறங்கிவிட்டான், விக்கா புருஷன் பாடினான், மாப்பிள்ளையே காதைப் பொத்திக்கொண்டான் என்று ஒன்று. லோசலின் இறங்கிவிட்டாள், கேக்கின் உச்சி விக்கா வயிற்றுக்குப் போனது என்று ஒன்று. நான் கை தூக்கினேன் என்பது மூன்றாவது. அதைச் சொல்லித் திரிவது நான் மட்டும்தான், நம்ப வேண்டாம்.

இந்த மூன்றில் எதையும் முடிவாக எழுதப் போவதில்லை. ஒட்டுக்கேட்பதில் எனக்குச் சற்றும் சளைக்காமல் இவ்வளவு தூரம் கூட வந்திருக்கிறீர்கள். இனி என் இடத்தில் நிற்பது நீங்கள்தான். மணி எட்டு. மெலியானே உங்களை நிமிர்ந்து பார்க்கிறாள். சியாலே இன்னும் சுவரைப் பார்த்தபடி நிற்கிறான். லோசலின் அதற்குள் விமானத்தில் ஏறி நடு வரிசையில் உட்கார்ந்து, கைப்பிடியை உயர்த்தி, திறந்த கதவு வழியே உங்களைப் பார்த்து, பக்கத்தில் மிச்சமிருக்கும் பாதி இருக்கையைத் தட்டுகிறாள்.

"என்ன முழிக்கிறே? வா, வந்து உக்காரு. நான் கடிக்க மாட்டேன்."