ஹெட்லியின் பேஸ்

டிரம் அடிக்கிற நெவிலின் தாடையைத் துப்பாக்கிக் கட்டையால் பெயர்த்துவிட்டார்கள் என்ற செய்தி, காலைக் கஞ்சி அடுப்பிலிருந்து இறங்கும் முன்பே க்ளோவிஸின் வாசலுக்கு வந்துவிட்டது. சொன்னவள் பக்கத்து வீட்டுக்காரி.

"பல்லெல்லாம் சாக்கடையில கெடக்காம். அடுத்தது பேஸ் கிட்டார் வாசிச்சவனாம். அவன் யாருன்னு கேட்டு மேல்பக்கத்துப் பசங்க தெருத்தெருவா அலையிறானுங்க."

பேஸ் வாசித்தவன் அவள் எதிரில்தான் வாயில் பல் குச்சியோடு நின்றுகொண்டிருந்தான். அவளுக்கு அது தெரியாது. கிங்ஸ்டனில் யாருக்குத்தான் தெரியும்? இசைத்தட்டின் நடு வட்டத்தில் பாடினவன் பெயர் இருக்கும், காசு போட்ட முதலாளியின் பெயர் அதைவிடப் பெரிதாக இருக்கும். சுவரே அதிரும்படி பேஸ் வாசித்தவன் பெயரை எவன் போடுகிறான்? ஸ்டூடியோவுக்குப் போ, வாசி, கூலியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டு. அதற்குப் பிறகு முதலாளி பாடகனின் குரலை எடுத்துவிட்டு, அதே தாளத்தின் மேல் வேறு எவனையாவது ஏற்றிப் பாட வைப்பார். ஊர் வழக்கமே அதுதான். ஒரே பேஸின் மேல் காதல் வரும், கடவுள் வருவார், பட்டினி வரும். வாசித்தவனை யாரும் கேட்பதில்லை.

க்ளோவிஸ் வாசித்தது ஒரு காதல் பாட்டுக்கு. ஒரு வாரம்கூட ஓடாத பாட்டு. ஆனால் அந்த பேஸ்! மூன்று அடி இறங்கி வரும், நான்காவது அடி விழவேண்டிய இடத்தில் கையை எடுத்துவிடுவான். அங்கே ஒன்றுமே இருக்காது. ஆடுகிறவன் கால் அந்த வெற்றிடத்தில் ஒரு கணம் தடுமாறும், பிறகுதான் அடுத்த அடி நெஞ்சில் வந்து விழும். பாட்டை மறந்த ஊர் பேஸை மறக்கவில்லை. முதலாளிக்கும் அதன் அருமை தெரியும். தேர்தல் வந்து, மேல்பக்கம் ஒரு கட்சி கீழ்ப்பக்கம் ஒரு கட்சி என்று ஊர் பிரிந்து நின்றதும், கீழ்ப்பக்கத்துப் பாடகன் ஒருவனை அதன் மேல் ஏற்றிவிட்டார். அவன் பாடியது மேல்பக்கத்துத் தாதா டீக்கனின் தம்பியைப் பற்றி. செருப்பை விட்டுவிட்டு ஓடினான், ஓடையில் செத்துக் கிடந்தான் என்று கேலிப் பாட்டு. பாட்டு தீயாகப் பற்றிக்கொண்டது. பாடினவன் மயாமிக்கு விமானம் ஏறிவிட்டான். முதலாளி மலைக்கு ஓடிவிட்டார். மாட்டிக்கொண்டது கூலிக்காரர்கள்தான், எப்போதும்போல.

க்ளோவிஸ் பையில் இரண்டு சட்டையைத் திணித்தான். செயின்ட் தாமஸில் அத்தை வீடு இருக்கிறது, பஸ் பிடித்துவிடலாம். இழுத்த வேகத்தில் பையின் வார் அறுந்தது. அதைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே கதவு உடைந்தது.

மூன்று பேர். முன்னால் நின்றவன் துப்பாக்கியை அவன் வயிற்றில் வைத்து, "நீ பேஸ் வாசிக்கிறவன்தானே?" என்றான்.

"ஆமாண்ணே."

"பயப்படாதே. ஆள் கெடைச்சிட்டான். நீ வந்து சாட்சி சொன்னா போதும்."

ஆள் கிடைத்துவிட்டான் என்றதும் க்ளோவிஸுக்கு யாரென்று புரிந்துவிட்டது. ஹெட்லி. வேறு யாராக இருக்க முடியும்?

மிஸ் பெர்ல் நடத்துகிற ரம் கடையில் டாமினோ ஆடுகிறவர்களுக்கு ஒரே விவாதம்தான். இந்தத் தீவில் காது உள்ளவன் கேட்டே ஆகவேண்டிய பேஸ் எது, அதில் முதலில் வைக்கவேண்டியது எது? மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை போடுவார்கள். கடைசியில் எல்லாரும் அந்த வெற்றிட பேஸில் வந்து நிற்பார்கள். அப்போது ஹெட்லி கிளாஸைத் தூக்கி, "அது யார் கைன்னு நெனைச்சீங்க?" என்று இளிப்பான். அவனும் பேஸ் வாசிக்கிறவன்தான், மோசமில்லை. ஆனால் அந்தப் பேஸை வாசிக்க வராது. வெற்றிடத்தில் அவன் கை சும்மா இருக்காது, ஒரு அடியை வைத்து நிரப்பிவிடும். குடித்தவர்களுக்கு அதெல்லாம் தெரியுமா? ரம் வாங்கிக் கொடுத்தார்கள், பெண்கள் மடியில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருமுறை க்ளோவிஸ், "டேய், அது என்னுதுடா," என்று சொல்லிப் பார்த்தான். கடையே சிரித்தது. ஹெட்லி அவன் கன்னத்தைத் தட்டி, "பாவம்யா, ஆசைப்படுறான், வச்சிக்கட்டும்," என்றான். அன்றைக்கு எரிந்த வயிறு க்ளோவிஸுக்கு அணையவே இல்லை.

அவர்கள் க்ளோவிஸை இழுத்துப்போன ஐஸ் பேக்டரி எப்போதோ மூடிப்போனது. உள்ளே தரை ஈரமாக இருந்தது. அது தண்ணீர் இல்லை என்பது கால் வழுக்கியபோதுதான் க்ளோவிஸுக்குத் தெரிந்தது. ஹெட்லி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது கை மடியில் கிடந்தது. விரல்களை இரும்புக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியிருந்தார்கள். எது விரல், எது எலும்பு என்று தெரியவில்லை. ஒரு கண் மூடிவிட்டது. க்ளோவிஸைப் பார்த்ததும் அவன் உடம்பே முன்னால் தாவியது.

"இதோ வந்துட்டான். இவன்தான்! அண்ணே, சத்தியமா சொல்றேன், அது என்னோடது இல்ல. நான் பீலா விட்டேன், குடிக்கிறதுக்காகப் பீலா விட்டேன். அது க்ளோவிஸ் வாசிச்சது. டேய் க்ளோவிஸ், சொல்லுடா."

எவ்வளவு காலமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதைக் கடைசியில் இந்த இடத்திலா கேட்க வேண்டும்? க்ளோவிஸுக்கு மூத்திரம் முட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், உள்ளே எங்கோ ஒரு மூலையில் இனித்தது.

டீக்கன் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் போகிறவர்போல வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தவே இல்லை.

"அந்தப் பாடகன் பாட்டுல என்ன சொன்னான்னு எனக்கு மறந்தே போச்சு தம்பி. வார்த்தை வரும், போகும். ஆனா அந்த பேஸ் இருக்கு பாரு. சனிக்கிழமை ஆனா கீழ்ப்பக்கத்துல ஸ்பீக்கர் போடுறான். எங்கம்மா படுத்திருக்கிற கட்டில் ஆடுது. சுவத்துல என் தம்பி போட்டோ ஆடுது. ஒவ்வொரு வாரமும் அந்தக் கெழவி திரும்பத் திரும்ப அழறா. அப்போ தம்பியைக் கேவலப்படுத்துனது யாரு? பாடினவனா, வாசிச்சவனா?"

ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு க்ளோவிஸின் பக்கம் திரும்பினார்.

"ஊரெல்லாம் தன்னோடதுன்னு சொன்னவன் இன்னைக்கு உன்னோடதுங்கிறான். உன்னோடதா?"

"இல்லண்ணே," என்றான் க்ளோவிஸ். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"டேய்!" என்று ஹெட்லி அலறினான். பக்கத்தில் நின்றவன் அந்த நசுங்கிய கைமேல் பூட்ஸை வைத்துத் திருகினான். அலறல் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது.

டீக்கன் விரலை நக்கிக்கொண்டார். "வாய் எதையும் சொல்லும். கை சொல்லட்டும். எனக்கு அந்த பேஸ் தூக்கத்துலகூடத் தெரியும். அவன் கை போயிடுச்சு, அவசரப்பட்டுட்டானுங்க முட்டாப் பசங்க. நீ வாசி."

ஆம்பிளிஃபயர், பேஸ் எல்லாம் தயாராக இருந்தன. ஹெட்லியின் பேஸ்தான். கம்பிகள் ஓடும் அதன் கழுத்தில் ரத்தம் பிசுபிசுத்தது. க்ளோவிஸ் அதை மாட்டிக்கொண்டான். அப்போது அவனுக்கு நன்றாகத் தெரியும்: வெற்றிடத்தை அப்படியே விட்டால் அவன் சாவான், நிரப்பினால் ஹெட்லி சாவான். கை எத்தனையோ வருஷமாகத் தானாக எழும்புகிற இடம் அது. மூன்று அடி இறங்கினான். நான்காவதில் எழும்பப்போன விரலைப் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பிமேல் அமுக்கினான். அடி விழுந்தது. ஹெட்லி வாசிக்கிற மாதிரியே, அச்சு அசலாக. மறுபடி வாசித்தான், மறுபடி நிரப்பினான்.

ஹெட்லிக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் அது புரியக்கூடியவன் அவன் ஒருவன்தான். மூடாத அந்த ஒரு கண் க்ளோவிஸின் விரலையே பார்த்தது. பிறகு அவன் கெஞ்சுவதையும் நிறுத்திவிட்டான்.

"நிறுத்து," என்றார் டீக்கன். "இது அது இல்ல. அந்த எடத்துல ஒண்ணும் இருக்காது. இவனுக்கு அது வரல."

எழுந்தார். கையைக் கைக்குட்டையில் துடைத்தார். பக்கத்தில் நின்றவனிடம் துப்பாக்கியை வாங்கி ஹெட்லியின் வாய்க்குள் வைத்துச் சுட்டார். பின்மண்டை தூணில் தெறித்தது. க்ளோவிஸின் முகத்திலும் சூடாக ஏதோ பட்டது. கழுத்தில் தொங்கிய பேஸ் அந்தச் சத்தத்துக்குத் தானாக முனகியது. அவன் கம்பிகளைக் கையால் பொத்தினான்.

"வீட்டுக்குப் போ தம்பி," என்றார் டீக்கன். "பேஸை அவங்க வீட்ல குடுத்துடு."

சில நாள் கழித்து ஹெட்லியின் சவ அடக்கம் ஒரு பிற்பகலில் முடிந்தது. ஹெட்லியின் முற்றத்தில் ஆட்டுக்கறி கொதித்தது, ரம் பாட்டில்கள் கை மாறின. கீழ்ப்பக்கத்து ஆட்கள் முழுக்க வந்திருந்தார்கள். ஹெட்லி இப்போது அவர்களுக்குத் தியாகி. வேலி ஓரமாக டீக்கனின் ஆட்கள் இருவர் தட்டை ஏந்தி நின்று நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் துரத்த யாருக்கும் தைரியமில்லை.

ஹெட்லியின் தங்கை வெரோனா கழுவித் துடைத்த பேஸைக் கொண்டுவந்து க்ளோவிஸின் மடியில் வைத்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எங்கண்ணனோட பாட்டை ஒரே ஒரு தடவை வாசிங்கண்ணே. நீங்க அவனோட சிநேகிதர்தானே."

வேலி ஓரத்தில் மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. க்ளோவிஸ் வாசித்தான். மூன்று அடி இறங்கியது. நான்காவதில் விரலை அமுக்கினான்.

வெரோனா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு கம்பிகளின் மேல் மெதுவாகத் தன் கையை வைத்தாள்.

"இல்லண்ணே. அந்த எடத்துல சும்மா விடணும், நீங்க தப்பா வாசிக்கிறீங்க. இசைத்தட்டுல எவ்வளவு தடவை கேட்டிருப்பேன். அது எங்கண்ணனுக்கு மட்டும்தான் வரும்."

வேலி ஓரத்தில் மறுபடி கறியை மெல்லத் தொடங்கினார்கள்.

"ஆமாம்மா," என்றான் க்ளோவிஸ். "எனக்கு வரல."

அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள், அவன் வருத்தப்படக்கூடாது என்று.