பாட்டுக்குப் போன சொற்கள்

கீபோர்டு வாசிப்பவரின் மனைவிக்குத் தண்ணீர் என்ற சொல் தொலைந்துபோனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. சபையார் எல்லோரும் எழுந்து நின்று, அவள் கணவர் எழுதிய முதல் பாட்டில் அந்தச் சொல்லைப் பாடிக்கொண்டிருந்த நேரம் அது. மதியம் சாப்பிடும்போது அவளுக்கு விக்கல் எடுத்தது. ஜாடியைக் காட்டி, "அது... அதை இப்படித் தள்ளுங்க" என்றாள். அவர் தள்ளினார். இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினோரு வருஷமாக அவர் அடுத்தவர் பாட்டைத்தான் வாசித்துவந்தார். போதகர்தான் ஆரம்பித்துவைத்தார்: "எத்தனை நாளைக்கு இரவல் பாட்டு? நீங்களே ஒண்ணு எழுதுங்களேன்." அன்றிலிருந்து தினமும் காலை ஐந்து மணிக்கு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். ஒழுங்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்பது நாளில் வந்ததெல்லாம் கிருபை, மகிமை, மறுபடி கிருபை. முன்னால் இருந்ததைப் பின்னால் போட்டுப் பார்த்தும் பாட்டு ஆகவில்லை. அந்த நேரத்தில் மனைவி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே வாய்விட்டு ஜெபிப்பாள். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அவளுக்கு நினைப்பு. நாற்பத்தோராம் நாள் அவர் பேனாவை வைத்துவிட்டுக் காது கொடுத்தார்.

"நான் நசுங்கின பாத்திரந்தான் ஆண்டவரே. நீங்க தண்ணி. எந்த நெளிசலுக்குள்ளயும் நிறைஞ்சிருவீங்க."

அதையே எழுத்துத் தமிழாக்கி, எல்லோருக்கும் எட்டுகிற சுருதியில் மெட்டுப் போட்டார். சபை அழுதது. போதகர் மைக்கிலேயே, "இந்த வரி எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். மனைவி மூன்றாவது வரிசையில் நின்றிருக்க, அவர் ஒரு விரலை உயர்த்திக் கூரையைக் காட்டினார். ஜனங்களுக்கு மெய்சிலிர்த்தது. விரலை இறக்குவதற்குள் அவருக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் இறக்கிவிட்டு அடுத்த பாட்டை வாசித்தார். அவளுக்குத் தன் வரி தெரியாமலில்லை. ஆண்டவரிடம் சொன்னதை மனுஷனிடம் திருப்பிக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டாவது பாட்டில் அவளுக்குக் கதவு என்ற சொல் போனது, மூன்றாவதில் மன்னிப்பு. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, அசதி என்று சத்து மாத்திரை எழுதினார். சபை பாடுகிற சொல் அவளிடமிருந்து போய்விடுகிறது என்பது கணவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் பாத்திரக் கூடைக்குப் பின்னால் போனை வைத்து அவள் ஜெபத்தைப் பதிவு செய்தார். பாட்டுகள் அக்கம்பக்கத்துச் சபைகளுக்கெல்லாம் பரவின. ஏழு வருஷத்தில் இருபத்து மூன்று. பாடும்போது அவள் அந்தந்தச் சொல் வருமிடத்தில் வாயை மூடிக்கொள்வாள். "ஊரே பாடுது, வீட்டுக்காரர் பாட்டு உங்களுக்கு மட்டும் கசக்குதாக்கும்?" என்று பாடகர் குழுத் தலைவி எல்லோர் முன்னாலும் கேட்டாள். பதில் சொல்லத் தேவையான சொல் பன்னிரண்டாம் பாட்டில் இருந்தது.

ஒரு காலையில் அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டுமே கேட்டது; ஜெபிக்க அவளிடம் சொல் மிச்சமில்லை. அவருக்கு முதலில் வந்தது கவலை அல்ல, எரிச்சல்: வருகிற ஞாயிறுக்குப் பாட்டு இல்லையே! அந்த எரிச்சலைத் தானே கண்டுகொண்டபோதுதான் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

ஞாயிறன்று மைக்கைப் பிடித்து, "இதுல ஒரு வரிகூட என்னுது இல்ல. எல்லாம் என் வீட்டுக்காரி செஞ்ச ஜெபம். நான் திருடினேன்" என்றார். சபை எழுந்து நின்று கைதட்டியது. "என்ன தாழ்மை பாருங்க!" என்று போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்ன வாய்க்கே பாராட்டு விழுந்ததில் அவர் கூனிக் குறுகிப்போனார். அந்தப் பாட்டுகளை இனிப் பாட வேண்டாம் என்று அவர் சொல்லியும் யாரும் நிறுத்தவில்லை.

அதன் பிறகு போனைத் தூக்கிப் பரணில் போட்டார். பழையபடி ஐந்து மணிக்கு நோட்டோடு உட்கார்ந்தார். இந்த முறை தன்னிடம் உள்ளதை மட்டும் எழுதுவது என்று தீர்மானம். ஆறு வாரத்தில் ஒரே ஒரு வரி தேறியது: வெட்கமாயிருக்கிறது, ஆண்டவரே. மெட்டும் சுமார்தான். சபைக்குக் கொண்டுபோகாமல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் மனைவிக்கு மட்டும் பாடிக் காட்டினார். நாலாவது தடவை அவளும் மெல்லச் சேர்ந்து பாடினாள்.

பாட்டு முடிந்தது. அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெட்கமா இல்ல உங்களுக்கு?"

"இருக்கு" என்றார். எது இருக்கிறது என்று சொல்ல, அந்தச் சொல் இப்போது அவரிடம் இல்லை; பாட்டோடு அவளிடம் போயிருந்தது. அவள் தலையசைத்துவிட்டு நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அடுத்த வரிக்கு யோசிக்க ஆரம்பித்தார்.