காவல் நிலையத்தின் பதினோரு படிகள்

கட்டியபோது எங்கள் காவல் நிலையத்துக்கு மூன்று படிகள்தான். இப்போது பதினொன்று. தெரு தாழ்ந்துவிடவில்லை. கட்டடம்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு அஸ்திவாரத்தை விட்டுக் கிளம்பி, ஒரு ஆளின் நெஞ்சளவு உயரத்துக்குப் போய், அங்கேயே நின்றுகொண்டது. நம்பாதவர்கள் போய் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், குனிந்து அடியிலும் பார்க்கலாம். வெயில் நேரத்தில் நாலைந்து நாய்கள் அங்கேதான் படுத்திருக்கின்றன. எல்லாம் சாவிக்கடைக்காரர் மனைவி செய்த வேலை என்று ஏட்டு சொல்வார். இஸ்திரிக்காரர் வாயைத் திறந்ததால் வந்தது என்று இன்ஸ்பெக்டர் சொல்வார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால் நான் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

புதுச் சட்டம் வந்த வருடம் ஆரம்பித்த விவகாரம் இது. ஒரு வீட்டையோ கடையையோ போலீஸ் சோதனை போட வேண்டுமென்றால் நீதிபதியின் உத்தரவு வேண்டும். எந்த இடம், எதைத் தேடப்போகிறார்கள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் கூடவே நின்று பார்க்க வேண்டும். எடுத்த பொருள் ஒவ்வொன்றுக்கும் அங்கேயே பட்டியல் எழுதி, சாட்சிகள் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை உரியவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வாசல் தாண்ட வேண்டும். நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த வருடத்திலிருந்து, பட்டியலில் எழுதாமல் எடுத்து வந்த எதுவும் நிலையத்தில் தரையில் நிற்கவில்லை. முதலில் போனது ஒரு ரேடியோ. பொருள் அறை அலமாரியில் அதை வைத்துவிட்டு ஏட்டு திரும்புவதற்குள், அது நிதானமாக எழும்பிக் கூரையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வரும், விட்டால் மறுபடி போய்விடும். கயிறு கட்டிப் பார்த்தார்கள், கயிறும் கூடவே போனது. பிறகு இரண்டு சைக்கிள், நான்கு குடை, ஒரு கல்யாண ஆல்பம், யாருடையதோ ஒரு ஊன்றுகோல். கீழே இடம் மிச்சமாகிறதே என்று நிலையத்தில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. உரியவர்கள் வந்து கேட்டால் பட்டியலில் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள், அது பொய்யும் இல்லை.

நிலையத்தின் பக்கச் சுவரை ஒட்டி இஸ்திரிக்காரரின் தகரக் கடை. அவருடைய இஸ்திரிப் பெட்டிக்குக் கரண்ட் நிலையத்திலிருந்துதான் வந்தது. பொருள் அறையின் காற்றுத் துளை வழியாக ஒரு ஒயர். அந்த உபகாரத்துக்காக ஊரில் எந்தச் சோதனை நடந்தாலும் அவர்தான் முதல் சாட்சி. முதல் வருடம் பாவம் ஒழுங்காகக் கூடப்போய் நின்று பார்த்தார். திரும்பி வந்தால் துணி கொடுத்தவர்கள் வாசலில் நின்று கத்துவார்கள். ஒரு தடவை பெட்டியை அணைக்க மறந்துபோய், பள்ளிக்கூட வாத்தியாரின் வெள்ளை பேண்டில் பெட்டியின் முழு உருவமும் பதிந்துவிட்டது. அதன்பிறகு அவரும் ஏட்டும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மாதம் பிறந்ததும் ஏட்டு முப்பது வெற்றுப் பட்டியல் தாள்களைக் கொண்டுவருவார், இவர் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். இரண்டாவது சாட்சியாகக் கிடைத்த ஆளையும் அப்படியே பழக்கிவிட்டார்கள். ஏழு வருடம் இப்படி ஓடியது. இஸ்திரிக்காரர் ஒரு வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை, அவருடைய கையெழுத்து மட்டும் எல்லார் வீட்டுக்கும் போய்வந்தது.

சாவிக்கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் பூட்டுவாயர். யார் வீட்டுப் பூட்டைத் திறந்தார், யாருக்கு மாற்றுச் சாவி போட்டார் என்பதைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார். தொழில் தர்மமாம். ஆனால் கையெழுத்து வாங்காமல் ஒரு சாவியும் வெட்ட மாட்டார். நோட்டில் தேதி, நேரம், இடம், பூட்டின் விவரம், கீழே சாவி வாங்கியவர் கையெழுத்து, அவ்வளவையும் எழுதிவைப்பார். அந்த நோட்டுக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு ரப்பர் வளையம் மாட்டிக் கொடுத்தது அவள்தான். உள்ளே ஒரு எழுத்துக்கூடப் படித்ததில்லை என்று சொல்கிறாள், நாம் நம்பிக்கொள்வோம்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், பல் டாக்டர் வீட்டு பீரோவை யாரோ ஒரு கீறல் இல்லாமல் திறந்து கழுத்துச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கீறல் இல்லை என்றதும் ஊர் முழுக்க ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்த்தது. மறுநாளே உத்தரவோடு சாவிக்கடைக்குள் போலீஸ் வந்தது. உத்தரவு சரியான உத்தரவுதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வெட்டாத சாவி நாற்பத்து மூன்று, அரம் இரண்டு, சின்ன இடுக்கி ஒன்று என்று ஏட்டு நிதானமாகப் பட்டியல் எழுதினார். சாட்சிகள் எங்கே என்று அவள் எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. தாளின் அடியில் பார்த்தால் இரண்டு கையெழுத்தும் மை காய்ந்து தயாராக இருந்தன. அவர்கள் போனபின் கடையில் நோட்டைக் காணோம். நகலிலும் நோட்டு இல்லை.

இன்ஸ்பெக்டர் ஊருக்குப் புதியவர், எல்லாரையும் சந்தேகப்படுவார், தன் ஆட்களையும் சேர்த்து. வியாழக்கிழமை எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு, "நோட்டுல இருக்கு சார்" என்றார் பூட்டுவாயர். எந்த நோட்டு என்றதற்கு, "உங்க ஆளுங்க எடுத்துட்டு வந்தாங்களே, அது" என்றார். இன்ஸ்பெக்டர் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தரம் படித்தார். அப்படி ஒன்று இல்லவே இல்லை. காவலில் வைத்துவிட்டார்கள். நோட்டு வராவிட்டால் குறைந்தது மூன்று வருடம் என்று வக்கீல் விரலை மடக்கிக் காட்டினார்.

அவள் பார்க்கப் போனபோது, "எங்கிட்டயாவது சொல்லித் தொலைங்களேன், எங்க இருந்தீங்க?" என்று கெஞ்சினாள். "அது அடுத்தவங்க பூட்டு விஷயம்" என்றார் மனிதர். "இங்க நீங்க உள்ள கெடக்கீங்க, பூட்டு விஷயமாம் பூட்டு விஷயம்!" என்று தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். தெருவில் அவளைக் கண்டதும் பெண்கள் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்கள். யார் போட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று அவளும் ஒவ்வொருவரையாகச் சந்தேகப்பட்டாள். எதிர்க்கடைக்காரன், மாடி வீட்டுக்காரி, கொழுந்தன். ஆள் தீர்ந்துபோனதும் நாலாம் நாள் மத்தியானம் அந்த எண்ணம் வந்தது. ஒருவேளை இவரேதான் எடுத்திருப்பாரோ? எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு தன் வீட்டைத் தானே சோதனை போட்டாள். சமையலறை டப்பா ஒவ்வொன்றையும் கவிழ்த்தாள், தலையணை உறையை உருவினாள். அவருடைய தகரப் பெட்டியின் அடியில், துணியில் சுற்றி ஒரு சாவி இருந்தது. எந்தப் பூட்டுக்கென்று தெரியவில்லை. அதை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தாள். சாவி எழும்பிப் போய்ச் சமையலறைக் கூரையில் ஒட்டிக்கொண்டது. அடக் கடவுளே என்று அண்ணாந்து பார்த்தபடி அப்படியே உட்கார்ந்து அழுதாள். ஆனாலும் மூளை வேலை செய்தது. கேட்காமல் எடுத்தது மேலே போகும் என்றால், அந்த நோட்டும் எங்கோ மேலேதான் இருக்க வேண்டும்.

நேராக இஸ்திரிக் கடைக்குப் போனாள். "அண்ணே, எங்க கடையச் சோதனை போட்டப்ப நீங்க வந்தீங்களா, வரலையா?" என்றாள். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "பேப்பர்ல கையெழுத்து இருக்குல்ல தங்கச்சி." "கையெழுத்தைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன்." வெகுநேரம் ஒரே காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த முப்பது தாள்களின் கதையை முழுக்கச் சொல்லிவிட்டு, வெளியே தெரிந்தால் தன் பிழைப்பு போய்விடும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அவருடைய ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஒயர் நுழையும் துளை வழியாக உள்ளே பார்த்தாள். கூரை முழுக்க ஊரார் பொருள். வடக்கு மூலையில், ரேடியோவுக்கும் ஊன்றுகோலுக்கும் நடுவில், அவள் கையால் போட்ட காலண்டர் அட்டை.

"பட்டியல்ல இல்லாதது இங்க இல்லம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். பொருள் அறைக்குள் வெளியாட்கள் நுழையக் கூடாது என்பதும் சட்டம்தான். சரி, உங்களுக்கு என் கடைக்குள் வர உத்தரவு வேண்டுமென்றால் எனக்கும் உங்கள் அறைக்குள் வர ஒன்று கிடைக்காதா என்று அவள் நீதிபதியிடம் மனு போட்டாள். நீதிபதி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எந்த இடம், எந்தப் பொருள் என்று மட்டும் கேட்டார். "காவல் நிலையப் பொருள் அறை, கூரையின் அடிப்பக்கம், வடக்கு மூலை. நோட்டுப் புத்தகம் ஒன்று" என்று உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு சாட்சி வேண்டுமே, யார் வருவார்கள்? ஒன்று, அவளை நம்பாததால் தானே வந்து பார்க்கிறேன் என்ற பல் டாக்டர். இன்னொன்று, பக்கத்துக் கடை என்பதால் தட்ட முடியாமல் இஸ்திரிக்காரர்.

செவ்வாய்க்கிழமை காலை நீதிமன்ற குமாஸ்தா வந்தார். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொள்கிற மனிதர். காலண்டர் அட்டை, ரப்பர் வளையம், நோட்டு ஒன்று என்று எழுதி முடித்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். டாக்டர் போட்டார். இஸ்திரிக்காரர் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். கையெழுத்தின் கடைசி எழுத்தைப் போட்டதும் நோட்டு கூரையிலிருந்து கழன்று வந்து அவள் கைகளில் இறங்கியது. குமாஸ்தா வாங்கி அந்த வியாழக்கிழமைப் பக்கத்தை உரக்கப் படித்தார். காலை பத்து முதல் பன்னிரண்டே கால் வரை, காவல் நிலையம், பொருள் அறைப் பூட்டு, சாவி தொலைந்ததால் புதுச் சாவி ஒன்று. கீழே ஏட்டின் கையெழுத்து. இன்ஸ்பெக்டருக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாக ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு. இன்ஸ்பெக்டர் திரும்பி ஏட்டைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவளுக்கோ நிம்மதியும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இதைச் சொல்லியிருந்தால் என்னவாம் இந்த மனுஷனுக்கு!

அதோடு முடிந்திருக்கும். ஆனால் நீதிமன்றப் படிவத்தின் கடைசியில் சாட்சிகளுக்கு ஒரு கேள்வி உண்டு. முன்பு சாட்சியாக இருந்ததுண்டா, அப்போதும் நேரில் பார்த்துப் படித்த பின்தான் கையெழுத்திட்டீர்களா? குமாஸ்தா அதையும் கேட்டார். ஏட்டு துளை வழியாகப் போகும் ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றார். இஸ்திரிக்காரரும் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் தலையைக்கூட அசைக்கவில்லை. "இல்லீங்க. ஏழு வருஷத்துல இன்னிக்குத்தான் முதல் தடவையா படிச்சேன்" என்றார். குமாஸ்தா அதை அப்படியே எழுதி, முற்றுப்புள்ளி வைத்தார். அலமாரிகளில் ஏழு வருடமாக ஒழுங்காகப் பட்டியலோடு கிடந்த அத்தனையும் ஒரே சமயத்தில் கிளம்பியது. பெட்டிகள், கடப்பாரைகள், மூன்று மோட்டார் சைக்கிள், ஒரு தராசு, கலகலவென்று பூட்டுவாயர் கடையின் நாற்பத்து மூன்று சாவிகள். எல்லாம் போய்க் கூரையில் முட்ட, கூரை சுவர்களைத் தூக்க, சுவர்கள் தரையைத் தூக்கின. ஒயர் அறுந்தது. உள்ளே இருந்தவர்களை வெள்ளையடிப்பவரின் ஏணியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். குமாஸ்தா கடைசியாக இறங்கினார், இறங்கும் முன் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பூட்டுவாயரை விட்டுவிட்டார்கள். ஏட்டை எங்கோ மாற்றினார்கள், இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிட்டார், இப்போது படியேறினால் மூச்சு வாங்குகிறது. இஸ்திரிக்காரருக்கு நீதிமன்றத்தில் நல்ல திட்டு. அவருடைய ஒயர் இப்போது சாவிக்கடையிலிருந்து போகிறது. டாக்டர் வீட்டுச் சங்கிலி கிடைக்கவில்லை, இப்போது ஊர் டாக்டரின் மைத்துனனைச் சந்தேகப்படுகிறது. உரியவர்கள் வந்து ஒழுங்காகப் பட்டியல் எழுத, பொருட்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. புதிதாகவும் சில மேலே போய்க்கொண்டிருப்பதால் கட்டடம் அதே உயரத்தில் நிற்கிறது. அரசாங்கமும் பார்த்துப் பார்த்துக் கடைசியில் எட்டுப் படி கட்டிக் கைப்பிடியும் போட்டுவிட்டது.

விடுதலையாகி வந்த அன்று அவர் குளித்துவிட்டுச் சமையலறைக்கு வந்து தண்ணீர் குடித்தார். குடிப்பதற்கு அண்ணாந்தபோது கூரையைப் பார்த்தார். சொம்பை வைத்துவிட்டு, "டப்பாவெல்லாம் இடம் மாறியிருக்கு" என்றார்.

"நான்தான் பார்த்தேன். உங்களையும் சந்தேகப்பட்டுட்டேன்" என்றாள். அவர் கோபப்படவில்லை. நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்து கொடுத்தார். தேதி, நேரம், தகரப் பெட்டியின் அடி, சாவி ஒன்று, கேட்காமல் எடுத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சாவி வந்து மேடைமேல் விழுந்தது. அவர் அதைக் கொண்டுபோய் வாசற்கதவுப் பூட்டில் நுழைத்துத் திருப்பிக் காட்டினார். அவர்கள் வீட்டுச் சாவிதான்.

"நீ அடிக்கடி தொலைப்பியே, அதுக்காக ஒண்ணு போட்டு வெச்சேன்" என்றார்.

அந்தச் சாவி இப்போது கதவுப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. நோட்டில் அந்தப் பக்கமும் அப்படியே இருக்கிறது. கேட்டால் எடுத்துக் காட்டுவாள், படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்பாள்.