தூக்னா மத்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். ஜெரால்டுக்குப் போனது கீழ்வாயின் கடைசியில் இருந்த ஞானப்பல். சொல்லைக் கோட்டைவிட்டது அவன் மனைவி சுபிதா.

தருவைக்குளத்திலிருந்து கல்யாணமாகி அவள் போர்ட் பிளேருக்குக் கப்பலேறி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இங்கே காய்கறிக்காரரிலிருந்து கண்டக்டர் வரை எல்லோருக்கும் பொதுவாக இந்தி. அவளுக்குத் தெரிந்ததோ பானி, நமக், டண்டா, மத் என்று நாலே வார்த்தை. தண்ணீர், உப்பு, ஆறினது, கூடாது. இந்த நாலை வைத்துக்கொண்டு அவள் ஊரையே சமாளித்தாள் என்றால், தலையாட்டும் திறமையால்தான்.

பல்லைப் பிடுங்கிய வங்காளத்து டாக்டரம்மாவிடமும் அதே தலையாட்டல்தான். ஜெரால்ட் உள்ளே மரத்துப்போன வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு கிடக்க, வெளியே டாக்டர் அவளிடம் மடமடவென்று பாடம் நடத்தினார். அதில் ஒரு சொல்லை மட்டும் விரலை ஆட்டி மூன்று முறை சொன்னார். “தூக்னா மத்!”

இது போதாதா? தூக்கக் கூடாது. நல்ல தமிழ் மாதிரியே இருந்தது.

“சமஜ் கயீ?” என்று புரிந்ததா எனக் கேட்டார் டாக்டர்.

“ஹாங் ஜி” என்று ஆமாம் போட்டுவிட்டாள் மகராசி.

“எதையும் தூக்கக் கூடாதாம். உப்புத் தண்ணியாம். ஆறின கஞ்சிதான் குடிக்கணுமாம்” என்று வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் ஒப்பித்தாள். படகுப் பட்டறையில் வெல்டரான ஜெரால்ட் ஒரு வாரம் லீவு போட்டான். மேல்மாடிக்குத் தண்ணீர்க் குடங்களை அவளே சுமந்தாள். வாய் பேச முடியாதவன், அவள் மூச்சிரைப்பதைப் பார்த்துக் கையைப் பிசைந்தான்.

பல் பிடுங்கிய அன்று மதியமே எச்சில் ஊறியது. வாஷ்பேசினில் குனிந்து ஓங்கித் துப்பினான். பேசின் முழுக்கச் சிவப்பு. சுபிதா ஓடி வந்தாள். டாக்டர் கொடுத்திருந்த புதுப் பஞ்சை மடித்து வைத்து, முக்கால் மணி நேரம் அவனைக் கடிக்கச் சொல்லிவிட்டு, மாதாவிடம் பேரம் பேசினாள். ரத்தம் நின்றது. அதன்பிறகு துப்பவே அவனுக்குப் பயம். எச்சிலை விழுங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை ஜன்னலோரம் அவனை உட்காரவைத்து, செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தாள். பல் இருந்த குழிக்குள் கருஞ்சிவப்பாக ஏதோ உருண்டு கிடந்தது, குழம்பில் ஊறிய சுண்டைக்காய் போல. ஊரிலிருந்து வீடியோ காலில் வந்த மாமியார் சகாயசெல்வியிடம் காட்டினாள்.

“ஏட்டி, அது கெட்ட ரத்தம்லா! காது குடையுற பஞ்சுக் குச்சிய வச்சு நோண்டிப் போடு. இல்லேன்னா சீழ் கட்டிரும்” என்றார் மாமியார்.

சுபிதாவும் குச்சியை எடுத்துவிட்டாள். குழிக்கு ஓர் அங்குலம் இருக்கும்போது கை நின்றது. தூக்னா மத். பல்லைப் பிடுங்கிய டாக்டர் குடத்தைப் பற்றியா மூன்று முறை சொல்லியிருப்பார்? இதைத்தான் சொல்லியிருக்கிறார்!

“மாமி, இதத்தான் தூக்கக் கூடாதுன்னு சொன்னாவ.”

“நெசமாத்தானா? பொறவு எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும், பாத்துக்கோ.”

குச்சியைத் தூக்கி எறிந்தாள். ஆனால் ‘ஹாங் ஜி’ என்ற அந்தப் பொய் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தனக்குத் தெரியாது என்பது தனக்கு மட்டும்தானே தெரியும்! மூன்றாம் நாள் கன்னம் பணியாரமாக உப்பியபோது, தான்தான் அவனைக் கெடுத்துவிட்டோம் என்று அடுப்படியில் நின்று அழுதாள்.

நாலாம் நாள் வீக்கம் இறங்கியது. சோறு தின்ற பிறகெல்லாம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து மெல்லச் சாய்ப்பான். துப்பப் பயந்து, தலையைக் குனிந்து அதுவாகவே வழிய விடுவான். காலைதோறும் அவள் விளக்கடித்துப் பார்ப்பாள். உருண்டை சுருங்கியது. அதன்மேல் வெள்ளையாக ஓர் ஆடை படர்ந்தது. ஓரங்களிலிருந்து இளஞ்சிவப்புச் சதை அரிசி அரிசியாக உள்ளே நகர்ந்து வந்தது. அவன் கஞ்சி குடிக்கும்போதும் குறட்டை விடும்போதும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருந்தது. யார் இதற்குச் சொல்லிக் கொடுத்தது? எந்தப் பாஷையில்? தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஏழாம் நாள் டாக்டர் வாய்க்குள் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கி ஏதோ கேட்டார்.

“நான் துப்பினேனான்னு கேக்காவ” என்றான் ஜெரால்ட். “தூக்னான்னா துப்புறது.”

சுபிதா எழுந்துவிட்டாள். “ஐயோ, நான் தூக்குறதுன்னு நெனச்சேன். அன்னைக்கு அவங்க சொன்னது ஒண்ணுமே எனக்குப் புரியல” என்று தொடங்கி, குடத்திலிருந்து குச்சி வரை ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். ஜெரால்ட் இந்தியில் சொல்லச் சொல்ல டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். குச்சி என்றதும் சிரிப்பு நின்றது.

“அந்த ரத்தக் கட்டிதான் கூரையாம்” என்று அவன் மெதுவாகத் தமிழில் சொன்னான். “துப்புனாலும் உறிஞ்சுனாலும் பேந்துரும்னுதான் ‘மத்’ன்னு சொன்னாவளாம். நீ அத நோண்டி எடுத்திருந்தா எலும்பு அம்மணமா நின்னிருக்கும், நான் வலியில சுவத்துல முட்டியிருப்பேனாம். ‘பள்ளம் தோண்டுனது மட்டுந்தான் நான், மூடுனது நான் இல்ல’ங்காவ.”

வீட்டுப் படியில் அவள் கையிலிருந்த இரண்டு குடங்களையும் ஜெரால்ட் பிடுங்கிக்கொண்டு ஏறினான். சாயங்காலம் மாமியாரின் அழைப்பு வந்தது.

“குழி மூடிட்டாட்டி? என்ன மருந்து வச்ச?”

ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் ஏதாவது ஒரு மருந்தின் பேரைச் சொல்லித் தலையாட்டியிருப்பாள்.

“எனக்கு ஒண்ணுமே தெரியல மாமி” என்றாள் சுபிதா. “நான் கை வைக்காம இருந்தேன். அதுவா மூடிக்கிட்டு வருது.”